வாளுக்கு வாழ்க்கைப்பட்டவள்

ரூபணி
கார்த்திகை, வளர்பிறை

சாரதகோட் அரண்மனையில் இருக்கும் நாகலேகா தேவிக்கு, மேல் மலை நாட்டிலிருந்து பிம்பா எழுதுவது.

பெண் இன்று காலை கிளம்பிவிட்டாள். அவள் பல்லக்குக்குப் பின்னால் வரும் சாமான்களோடு இந்தக் கடிதமும் வருகிறது. நாகதோர் கணவாயில் பனி விழத் தொடங்கிவிட்டதால் ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது என்று உங்கள் ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடமும் சொல்லவில்லை, கூட வந்த பெண்களிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகன் வருவார் என்று பந்தல் போட்டுக் காத்திருந்தோம். சமவெளியில் சண்டை முடியவில்லை என்று அவருடைய வாள் வந்தது. வாளைப் பீடத்தில் நிறுத்திப் பட்டுச் சுற்றி, பட்டின் முனையையும் என் பெண்ணின் முந்தானையையும் முடிந்து அக்னியைச் சுற்றவைத்தார் உங்கள் புரோகிதர். ராஜ குடும்பங்களில் இது புதிதில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் பெற்ற வயிறு கேட்குமா?

சுற்றி முடித்ததும் லோட்டிகா என் காதில், "அம்மா, இவருக்கு மீசை இருக்கா?" என்றாள்.

"யாருக்குடி?"

"வாளுக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய் அழுதேன்.

போன கோடையில் உங்கள் படை எங்கள் களஞ்சியங்களைக் கொளுத்தியது. பிறகு சமாதானம் என்றீர்கள். பெண்ணைக் கேட்டீர்கள்; சீராகக் கணவாயையும் அதன் அடியில் இருக்கும் மூன்று ஊர்களையும் கேட்டீர்கள். அவள் அப்பா, ராணா, கொடுத்துவிட்டார். அது ஆண்கள் பேச்சு, நான் அதில் தலையிடவில்லை. என் பேச்சு இதுதான். அவளுக்கு அரிசிச் சோறு பழக்கமில்லை. வறுத்த வாற்கோதுமை மாவை மோரில் கரைத்துக் கொடுத்தால் சாப்பிடுவாள். ஆற்றைக் கண்டால் பயம். கோபம் வந்தால் கடிப்பாள். அடித்தால் அழமாட்டாள், அதனால் அடித்தவர்களுக்கு இன்னும் கோபம் வரும். அடிக்க வேண்டாம்.

பத்து வயதுதான் ஆகிறது. இதை உங்களிடம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

பிம்பா

*

சாரதகோட்
கார்த்திகை, தேய்பிறை

சம்பந்தி பிம்பா தேவிக்கு நாகலேகா எழுதுவது.

பெண் வந்து சேர்ந்தாள். வழியில் காய்ச்சல் ஒன்றும் இல்லை. கயிற்றுப் பாலத்தைக் கண்களை மூடிக்கொண்டு கடந்தாளாம். இறங்கிய அன்றே புரோகிதரின் கையைக் கடித்துவிட்டாள். கடிப்பாள் என்று எழுதியிருந்தீர்கள், யாரை என்று எழுதியிருந்தால் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பேன்.

வாற்கோதுமை மாவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். அடிக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. என் மகன் விஜ்ஜலனை நான் ஒரு முறைகூட அடித்ததில்லை. அதனால் அவன் என்னைப் பார்த்துப் பயந்ததும் இல்லை, அது வேறு விஷயம்.

அவனிடமிருந்து மழைக்காலத்துக்குப் பிறகு செய்தி வரவில்லை. பேரரசரின் படையோடு தெற்கே இறங்கியிருப்பதாக ராஜா சொல்கிறார். இளவேனிலில் வந்துவிடுவான். அவனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை என்று உங்கள் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். ஏமாந்துபோனாள்.

களஞ்சியங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கொளுத்தச் சொன்னது நான் இல்லை. வேண்டாம் என்று சொன்னவளும் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி நாம் எழுதிக்கொள்வதில் பயன் இல்லை.

கணவாய் அடைபடுமுன் போகும் கடைசி ஆளிடம் இதைக் கொடுக்கிறேன். இனி பனி உருகிய பிறகுதான்.

நாகலேகா

*

ரூபணி
வைகாசி, வளர்பிறை

நாகலேகா தேவிக்கு.

கணவாய் திறந்து பல நாட்கள் ஆகிவிட்டன. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

எங்கள் இடையன் ஜோகு குளிர்காலம் முழுக்க ஆடுகளோடு உங்கள் பக்கத்து அடிவாரத்தில் இருந்துவிட்டு நேற்று மேலே ஏறி வந்தான். கம்பளி கொடுக்க அரண்மனைக்குப் போனானாம். வந்ததும் என்னைப் பார்க்க வந்தான். ஏதோ சொல்ல வந்தவன் ஆட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

"ஜோகு, எம் பொண்ணைப் பாத்தியா?"

"பாத்தேங்க."

"எப்படி இருக்கா?"

"வளந்திருக்குங்க."

"அப்புறம்?"

அவன் தரையையே பார்த்தான். "வெள்ளைத் துணி கட்டியிருந்துச்சுங்க. சன்னல்ல நின்னு எங்கிட்ட ஆட்டுக்குட்டிய காட்டச் சொல்லுச்சு. சிரிச்சுதுங்க."

வெள்ளைத் துணி என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு இடையன் வந்து சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? என்ன நடந்தது என்று நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள்.

பிம்பா

*

சாரதகோட்
ஆனி, வளர்பிறை

பிம்பா தேவிக்கு.

என் மகன் இறந்துவிட்டான். மாசி மாதம் செய்தி வந்தது. சண்டையில் இல்லை, பாசறையில் காய்ச்சல் கண்டு, மார்கழியில் போனானாம். அங்கேயே ஒரு நதிக்கரையில் தகனம் செய்தார்களாம். எனக்கு அவன் தலைப்பாகை மட்டும் வந்தது.

உங்களுக்கு எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். முதல் வரியை எழுதினால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. அதனால் எழுதவில்லை. மன்னிக்க வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் பெண்ணுக்கு வெள்ளை உடுத்தினார்கள். நான் தடுக்கவில்லை, அன்றைக்கு எனக்குக் கை கால் அசையவில்லை. வளையல்களை உடைக்க வந்தபோது, "நானே கழட்டித் தரேன், உடைக்காதீங்க, அம்மா குடுத்தது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். தலைமுடியை எடுக்க வேண்டும் என்று புரோகிதர் வந்தார். முதல் ஆண்டுத் திதி முடிந்த பிறகுதான் முடி எடுப்பது எங்கள் குல வழக்கம் என்று சொல்லி அனுப்பினேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. மகனைப் பறிகொடுத்தவளிடம் வாதாட அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவள் என் அறையில்தான் படுக்கிறாள். இந்த அரண்மனையில் என் எதிரில் விஜ்ஜலன் பெயரை யாரும் சொல்வதில்லை. அவள் மட்டும்தான் கேட்கிறாள்.

"அவர் மாங்கா திருடுவாரா?"

"திருடுவான். காவக்காரனுக்கும் ரெண்டு குடுப்பான்."

"மரம் ஏறுவாரா?"

"ஏறுவான். இறங்கத் தெரியாது. ஏணி கொண்டுவரச் சொல்லிக் கத்துவான்."

அதற்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், செய்தி வந்த பிறகு முதல் முறையாக.

அவளைத் திருப்பிக் கேட்பீர்கள் என்று தெரியும். அனுப்ப முடியாது. அவள் இந்த வீட்டு மருமகள், இந்த வீட்டிலேயே இருப்பாள் என்று ராஜா சொல்லிவிட்டார். சீராக வந்த ஊர்களும் அப்படியே நிற்கும் என்கிறார்கள் மந்திரிகள். நான் அதைச் சொல்லவில்லை. எனக்கு அவள் இல்லாமல் முடியாது, அவ்வளவுதான்.

நாகலேகா

*

ரூபணி
ஆடி, தேய்பிறை

நாகலேகா தேவிக்கு.

உங்கள் மகனுக்காக அழுதேன். பார்த்ததே இல்லை, ஆனாலும் ஏணி கேட்டுக் கத்தியவன் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

பத்து வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு உங்கள் துக்கத்துக்குத் துணை என்கிறீர்கள். அவள் எத்தனை காலம் இருப்பாள் என்று யோசித்தீர்களா? நீங்கள் போன பிறகும் இருப்பாள். ஒரு வேளைச் சோறும் வெள்ளைத் துணியுமாக, ஒரு வாளைச் சுற்றிய குற்றத்துக்காக, அந்தச் சன்னலில் கிழவியாகும் வரை நிற்பாள். எங்கள் பக்கத்தில் குடியானவர் வீட்டில் புருஷன் செத்தால் பெண் காதணியைக் கழற்றுவதுகூட இல்லை, மறு வருஷம் வேறு குடும்பம் நடத்துவாள். ராணா வீட்டுப் பெண்ணாய்ப் பிறந்ததால் அவளுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று. சமாதானத்துக்குப் பிறகு உங்கள் ராஜாவின் படையில் எங்கள் ஊர் ஆட்களும் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவன், பெயர் கல்லன், போன வாரம் திரும்பினான். உங்கள் மகனின் கூடாரத்துக்கு அடுத்த கூடாரமாம். கோயில் முற்றத்தில் எல்லார் எதிரிலும் பேச்சுவாக்கில் சொன்னான்.

"சின்ன ராஜா நல்ல மனுசன். பாவம், இங்க நம்ம ஊர்ல அக்ரூட் உலுக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

"மார்கழின்னு சொல்றாங்களேப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மார்கழியா? மழை அப்பத்தான் விட்டுச்சு. மகாளய பட்சம். சிதைக்கு நாந்தான் விறகு தூக்கினேன், எனக்குத் தெரியாதா?"

நாங்கள் அக்ரூட் உலுக்குவது ஐப்பசியில். வாள் எங்கள் பந்தலுக்கு வந்தது கார்த்திகையில். செத்தவனுக்குப் பெண்ணைக் கட்டிவைக்க எந்த சாஸ்திரத்திலும் இடமில்லை. அப்படியானால் கல்யாணமே நடக்கவில்லை, அவள் யாருக்கும் விதவையும் இல்லை.

நேராகக் கேட்கிறேன். வாளை அனுப்பியபோது உங்களுக்குத் தெரியுமா?

பிம்பா

*

சாரதகோட்
ஆடி, அமாவாசை

உங்கள் கேள்வியைப் படித்தேன். என் மகன் செத்துக் கிடக்க, நான் மஞ்சள் இடித்து, கல்யாணப் பாட்டுப் பாடச் சொல்லி, அவன் வாளுக்குப் பூச்சூட்டி அனுப்பினேனா என்று கேட்கிறீர்கள். ஒரு தாயிடம் இன்னொரு தாய் கேட்கிற கேள்வி இல்லை இது. கணவாயை மீட்க ஒரு குடிகாரச் சிப்பாயின் பேச்சை உங்கள் ராணா கண்டுபிடித்திருக்கிறார்.

இனி எழுத வேண்டாம்.

நாகலேகா

*

சாரதகோட்
ஆவணி, வளர்பிறை

பிம்பா தேவிக்கு.

எழுத வேண்டாம் என்று சொன்னவள் நான். எழுதுகிறவளும் நானே.

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஆனால் மகாளய பட்சம் என்ற சொல் போகவில்லை. விஜ்ஜலனின் கேடயம் தூக்குகிற பிஞ்சன் என்று ஒருவன் உண்டு. அவனோடு சிறுவயது முதல் இருந்தவன். தலைப்பாகையைக் கொண்டுவந்தது வேறு யாரோ. பிஞ்சன் வரவே இல்லை. எங்கே என்று கேட்டால் எல்லைக் கோட்டையில் வேலை என்றார்கள். எனக்கு உடம்பு சரியில்லை, மகனோடு இருந்தவர்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவனை வரவழைத்தேன். வந்தவன் என் முகத்தைப் பார்த்ததுமே விழுந்து அழுதான்.

"பிஞ்சா, எப்ப?"

"மகாராணி, என்னைக் கேக்காதீங்க. சொல்லக்கூடாதுன்னு உத்தரவு."

"யார் உத்தரவு?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "புரட்டாசித் துவாதசிங்க. தேய்பிறை. கடைசி வரைக்கும் தண்ணி தண்ணின்னு கேட்டாரு. குடுத்தேன்" என்றான்.

நான் ராஜாவிடம் போனேன். அவர் கழுகுக் குஞ்சு ஒன்றுக்கு இறைச்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "ஐப்பசி பொறந்ததும் ஆள் வந்துட்டான்" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. நீ அழுதா ஊருக்கே தெரிஞ்சுடும். கணவாய் கைக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"நீங்க அழலையா?"

அவர் குஞ்சின் அலகைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.  கிளம்பும்போது என் முதுகுக்குப் பின்னால், "அந்தப் பொண்ணுக்கு இங்க என்ன குறை?" என்றார்.

ஐப்பசியில் நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். தையல்காரியிடம் அவன் கல்யாண அங்கிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தேன். தோள் அகன்றிருக்கும், ஒரு விரற்கடை கூட வை என்றேன். அப்போது அவனுக்குத் தோளே இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில், எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். அதனால் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காதீர்கள். சொன்னால் ராஜா ஊர் முன்னால் தலைகுனிவார். சொன்னால் இவளும் போய்விடுவாள். இதை எழுதும்போதுகூட என் காலடியில் உட்கார்ந்து பூனைக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

நாகலேகா

*

ரூபணி
ஆவணி, தேய்பிறை

அக்கா,

இப்படி அழைக்க உரிமை உண்டா என்று தெரியவில்லை. சம்பந்தி என்று எழுதினால் என் பெண் விதவையாகிறாள். தேவி என்று எழுத மனம் வரவில்லை. உங்கள் மகன் என் பெண்ணைவிட மூத்தவன், அதனால் நீங்களும் என்னைவிட மூத்தவராகத்தான் இருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ராணாவுக்கும் காட்டவில்லை. கல்லன் சொன்னது ஊரெங்கும் பரவியதிலிருந்து அவர் ஆள் சேர்க்கிறார். பனி விழுமுன் கணவாயை அடித்துப் பிடிக்க வேண்டும், பெண்ணைத் தூக்கி வர வேண்டும் என்கிறார். முற்றத்தில் எந்நேரமும் கத்தி தீட்டுகிற சத்தம். "பொண்ணு அவங்க கையில இருக்கா. நீங்க கணவாயில நின்னு அம்பு விட்டா அவ கதி என்ன?" என்று கேட்டேன். யோசித்தார். அறுவடை முடியட்டும், ஐப்பசி வரை பொறுக்கிறேன் என்றார். அதற்கு மேல் அவரை நிறுத்த என்னால் ஆகாது.

உங்களை அவசரப்படுத்த இதை எழுதவில்லை. தெரியாமல் இருந்தால் நாளைக்கு நான் மறைத்தேன் என்று ஆகும், நமக்குள் மறைத்தது போதும்.

உங்கள் மகனுக்கு நீங்கள் அழவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மாசியில் அழுதது மார்கழியில் செத்தவனுக்கு. அப்படி ஒருவன் இல்லையே. புரட்டாசியில் செத்தவனுக்கு யார் அழுதார்கள்? அந்தப் பிஞ்சன் மட்டும்தான்.

அவனைப் பற்றி இன்னும் எழுதுங்கள். என்ன சாப்பிடுவான், எதற்குக் கோபப்படுவான், எல்லாம். என் பெண்ணுக்கு மட்டும்தான் சொல்ல வேண்டுமா?

பிம்பா

*

சாரதகோட்
புரட்டாசி, மகாளய அமாவாசை

பிம்பா,

தயிரில் ஏலக்காய் போட்டால் சாப்பிட மாட்டான். சொன்ன கதையைத் திருப்பிச் சொன்னால் கோபம் வரும். மீதியை நேரில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேள்.

இந்தப் பட்சத்தில் ஊர் முழுக்க ஆற்றங்கரையில்தான் இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவரவர் திதிக்கு அவரவர் முன்னோருக்குப் பிண்டம் வைப்பார்கள். துவாதசி அன்று நான் நனைந்த துணியோடு படித்துறைக்குப் போய்ப் புரோகிதர் முன்னால் உட்கார்ந்தேன். பெண்ணை அரண்மனையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

"மகாராணி இன்னிக்கு யாருக்குக் கொடுக்கணும்?"

"என் மகனுக்கு. முதல் ஆண்டுத் திதி."

அவர் திகைத்தார். "சின்ன ராஜா திதி இன்னும் வரலையே? மாசியிலதானே செய்தி வந்தது? மார்கழித் திதின்னு எழுதிவச்சிருக்கேனே."

"செய்தி வந்தது மாசியில. என் பிள்ளை போனது புரட்டாசித் துவாதசியில. இன்னையோட ஒரு வருஷம்."

நான் கத்தவில்லை. ஆனால் பக்கத்தில் தர்ப்பை விற்கிறவள் கையை நிறுத்தினாள். அவளுக்கு அடுத்தவள் நிறுத்தினாள். படித்துறை மேலே வரை அந்த அமைதி ஏறிப்போவதை முதுகில் உணர்ந்தேன்.

புரோகிதர் குரலைத் தாழ்த்தி, "தாயார் பிண்டம் வைக்கறதுக்கு இல்லையே அம்மா. ஆண் யாராவது..." என்றார்.

"யாராவது வரட்டும். வரலைன்னா நான் வைக்கிறேன். அவன் ஒரு வருஷமா பசியோட நிக்கிறான்."

யாரும் வரவில்லை. ராஜாவின் தம்பி அங்கேதான் இருந்தார், தலையைத் திருப்பிக்கொண்டார். நான் எள்ளைக் கையில் எடுத்தேன். அப்போது கூட்டம் விலகியது. ராஜா வந்தார். அவருடைய தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு அடுத்த படித்துறையிலிருந்து நடந்து வந்திருக்கிறார், வேட்டியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்தார் என்று நினைத்தேன். என் கையிலிருந்த எள்ளைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

புரோகிதர் பெயர், கோத்திரம் சொல்லி வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "போனவர் கல்யாணம் ஆனவரா, பிரம்மச்சாரியா?" என்று கேட்டார். கேட்டுத்தான் ஆக வேண்டும், மந்திரம் மாறும். 

ராஜா என்னைப் பார்த்தார்.  அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"பிரம்மச்சாரி" என்றார். சொல்லி முடித்ததும் அவர் தோள் குலுங்கியது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிண்டத்தை உருட்டவே வரவில்லை, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எங்களுக்குப் பின்னால் ஒருத்தி மெல்ல, "அப்போ அந்த மலை நாட்டுப் பொண்ணு..." என்று தொடங்கினாள். இன்னொருத்தி, "வாயை மூடு, அழறாங்க" என்றாள்.

மறுநாள் சபையில் மந்திரிகள் கணவாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார்களாம். "பெண்ணைத் திருப்பி அனுப்பறவன் சீரை வச்சுக்கிட்டா ஊர் காறித் துப்பும்" என்று ராஜா எழுந்து போய்விட்டாராம். அவர் மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். கணவாயை நினைத்து இன்னும் பெருமூச்சு விடுகிறார். ஆனால் வெள்ளைத் துணியை அவரே எடுத்துப் போடச் சொன்னார்.

ஐப்பசி வளர்பிறையில் கணவாய் அடியில் இருக்கும் சத்திரத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ராணாவும் ஆட்களும் வேண்டாம். நீ வா.

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாள். அதைப் பார்க்க எனக்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும்.

நாகலேகா

*

ரூபணி
வைகாசி, வளர்பிறை

அக்கா,

கணவாய் திறந்ததும் முதல் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சத்திரத்தில் நாம் அதிகம் பேசவில்லை. வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வந்தேன், உங்களைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. இவ்வளவு சின்ன உருவமாக இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. உங்கள் கடிதங்களில் நீங்கள் உயரம்.

லோட்டிகா என்னிடம் ஓடி வந்தாள், கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி ஓடி உங்கள் சால்வையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. நீங்கள் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தீர்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்கான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இங்கே வந்து குளிர்காலம் முழுக்க என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள். அரிசிச் சோறு வேண்டுமாம். அரண்மனையில் ராத்திரி கதை சொல்வார்களாம், நான் சொல்வது கதையே இல்லையாம். ஒரு நாள் கோபத்தில், "போய் அங்கேயே இருடி" என்று கத்திவிட்டேன். "பனி உருகட்டும், போறேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் வரவில்லை, அக்கா. பிள்ளைக்குப் போக இன்னொரு வீடு இருக்கிறது என்பது கெட்ட செய்தி இல்லையே. ஆடியில் ஜோகுவின் பெண்டாட்டியோடு ஒரு மாதம் அனுப்பட்டுமா? ராணா முணுமுணுக்கிறார். முணுமுணுத்துவிட்டு அவளுக்குக் குதிரை பார்க்கிறார்.

பிம்பா

*

ரூபணி
மாசி, தேய்பிறை, பெண் திரும்பி வந்த எட்டாம் ஆண்டு

அக்கா,

நல்ல செய்தியோடு ஒரு சிக்கலும் இருக்கிறது. பனிமேல் நடக்கத் தெரிந்த ஆளைப் பிடித்து இதை அனுப்புகிறேன்.

லோட்டிகாவுக்கு வரன் அமைந்திருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாக்கூர் வீட்டுப் பிள்ளை. பெயர் சங்கடன். இரண்டு திருவிழாவில் பார்த்துப் பேசியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால், "நல்லா கேள்வி கேக்கறாரும்மா" என்கிறாள். நல்லா பதில் சொல்றான் என்றால் பயந்திருப்பேன். இவளுக்குக் கேள்வி கேட்கிறவன்தான் சரி.

பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் சம்மதம், தாயைத் தவிர. யாரோ அந்த அம்மாளிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் வந்து என் எதிரில் உட்கார்ந்து, மோரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. ஒரு தடவை வாளுக்குக் கட்டிக் கொடுத்த பொண்ணாமே? புருஷன் செத்து வெள்ளை கட்டியிருந்தாளாமே?"

நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "பெத்தவ நீங்க. பொண்ணுக்காக நீங்க எதுவும் சொல்லுவீங்க. நானா இருந்தாலும் சொல்லுவேன்" என்றாள். கெட்ட மனசு இல்லை, பிள்ளைக்கு ஆகாமல் போய்விடுமோ என்று பயம். அவள் இடத்தில் இருந்தால் எனக்கும் அந்தப் பயம் வரும்.

உங்களிடமிருந்து ஓலை ஒன்று எழுதி வாங்கி அவளிடம் காட்டலாம் என்கிறார் ராணா. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். கேட்கும்போதே கை கூசுகிறது. உங்கள் மகன் கல்யாணம் ஆகாமல் போனான் என்பதை இன்னொரு முறை உங்களை எழுதவைக்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், நான் வேறு வழி பார்க்கிறேன்.

முகூர்த்தம் வைகாசியில்.

பிம்பா

*

சாரதகோட்
பங்குனி, வளர்பிறை

பிம்பா,

ஓலை எழுதித் தரமாட்டேன்.

ஓலையைப் பார்த்தால் அந்த அம்மாளுக்குச் சந்தேகம் போகாது. யார் எழுதியது, எதற்கு எழுதியது, என்ன கொடுத்து எழுதி வாங்கியது என்று இன்னும் பத்துக் கேள்வி வரும். நான் வருகிறேன். என்னிடமே கேட்கட்டும். என் பிள்ளை எந்த நாளில் போனான், எப்படிப் போனான் என்று என்னைவிட யார் சொல்ல முடியும்? சொன்ன பிறகு அவள் கையிலிருக்கும் மோரை நானே குடிக்கவைக்கிறேன்.

எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். இருக்கும். விஜ்ஜலன் இருந்திருந்தால் இப்போது இருபத்தைந்து. அந்தப் பந்தலில் அதை நினைக்காமல் இருக்க முடியாது. அதற்காக வராமல் இருந்தால் இங்கே தனியாக உட்கார்ந்து நினைப்பேன், அவ்வளவுதானே வித்தியாசம்.

ராஜாவிடம் சொன்னேன். மூட்டுவலி, ஏற முடியாது என்றார். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, நாகதோர் கணவாயில் காற்று அடிக்கும் என்று அவருடைய கனத்த கம்பளியை என்னிடம் கொடுத்தார். உன் ராணாவிடம் சொல், பனிக்காலத்தில் அவர் அந்தக் கணவாயை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதில்லை, வழிக்கல் பாதி விழுந்து கிடக்கிறது என்று ராஜா குறைப்பட்டுக்கொண்டார்.

வைகாசிக்குக் காத்திருக்கப் போவதில்லை. சித்திரையிலேயே கிளம்பி, கணவாய் திறக்கிற வரை சத்திரத்தில் இருப்பேன். பிஞ்சனும் வருகிறான், கடைசியாகப் பக்கத்தில் இருந்தவன் அவன், அவனையும் கேட்கட்டும். என் குதிரைக்குக் கொஞ்சம் புல் எடுத்து வை. கல்யாணத்தன்று பிள்ளை வீட்டார் கண்ணில் படுகிற மாதிரி, முன் வரிசையில் உன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் போடு.

லோட்டிகாவிடம் இப்போது சொல்லாதே. வந்து நிற்கும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

நாகலேகா